திரையில்லாத ஜன்னலில் ஆகார்

ஹார்லெம்
14 பிப்ரவரி 1954

அன்புள்ள அலீடாவுக்கு,

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். உடம்பு சுகம் விசாரிப்பதை இந்த ஒரு கடிதத்தில் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அம்மா உயிரோடு இருந்தால் இதற்கே கோபித்துக்கொண்டிருப்பாள்.

உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாயே, ஆகார் படம், அது நம்முடையது இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கண் டாக்டர் ஃபான் ஹெல்டர் 1942 ஆகஸ்டில் பின்பக்கத் தோட்டத்து வேலி இடுக்கு வழியாக, ஒரு மேசைத் துணியில் சுற்றி, அம்மாவின் கையில் கொடுத்தது. யூதர் வீடுகளைக் காலி செய்து சாமான்களை ஜெர்மனிக்கு ஏற்றிக்கொண்டிருந்த சமயம். "நாங்க திரும்பி வர்ற வரைக்கும் வச்சிருங்க" என்றார். அவரும் மனைவியும் திரும்பி வரவில்லை. மகள் ரோஸெட் வந்தாள். நாற்பத்தைந்து ஜூனில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பஞ்சக் குளிர்காலத்தில் படத்தை ஒரு விவசாயியிடம் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கித் தின்றுவிட்டோம் என்று அவளிடம் சொல்லப்பட்டது. அதை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை.

அம்மா இறந்த மறு வருஷம் நீங்கள் கப்பல் ஏறினீர்கள். படத்தை இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்து அந்தப் பெரிய மரப்பெட்டியில் நீ அடுக்கினாய். மூடிக்கு ஆணி அடித்தவன் நான். அப்போதும் பேசவில்லை.

போன வாரம் உத்ரெக்டில் லத்தீன் ஆசிரியர் மாநாடு. துணைத் தலைமையாசிரியர் பதவியை எனக்குத் தராமல் என்னைவிடப் பத்து வயது இளையவனுக்குக் கொடுத்தார்களே, அவனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பின்னால், குரோனிங்கனிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில். பேச்சுவாக்கில் சொன்னார், அவர்கள் பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கும் செல்வி ஃபான் ஹெல்டர் அக்டோபர் கடைசியில் நாட்டைவிட்டே போகிறாராம், ஹைஃபாவுக்கு. அங்கே ஒரு சித்தப்பா இருக்கிறாராம்.

அதற்குள் படம் அவள் கைக்குப் போக வேண்டும். அனுப்பிவை. எப்படி அனுப்புவது என்று உன் கணவன் ஹார்மைக் கேள். பால் கேன்களுக்கு அந்தப் பெட்டியில் நல்ல இடம் பார்த்துக் கொடுத்தவனுக்கு இதற்கும் ஒரு வழி தெரியும்.

எனக்கு இருமல். மற்றபடி சுகம். நீங்களும் அந்தப் பனியில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ரூலோஃப் ஹாஸெவிங்கல்


ஒன்டாரியோ
3 மார்ச் 1954

அன்புள்ள அண்ணா,

இங்க எல்லாரும் சௌக்கியம். ஹார்மை மட்டும் மாடு ஒண்ணு முழங்கால்ல உதைச்சிடுச்சு, பத்து நாளா நொண்டுறார். உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு. நீ சாப்பிட மாட்ட, இருந்தாலும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு கேக்கணும். உன் கூடப் பொறந்த தங்கச்சிக்கு எழுதுறப்பவும் எதுக்கு முழுப்பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடுற? நான் என்ன நகரசபை ஆபீஸா? உறை பின்பக்கமும் பேரு, தெரு, வீட்டு நம்பர், உள்ளயும் பேரு. தொலைஞ்சு போயிடுவோம்னு பயமா?

இங்க இன்னும் பனி உருகல. பக்கத்து வீடுன்னா அரை மணி நேரம் நடக்கணும். ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கு, அழுத்தினா அமுங்கிடுது. பெரியவன் இங்கிலீஷ்ல கனவு காண்றான், தூக்கத்துல உளர்றது எனக்குப் புரியல. ஒரு வார்த்தையாவது பிடிபடுதான்னு பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருக்கேன் அண்ணா.

படத்தை அம்மா எனக்குக் கொடுத்தாங்க. நீயும் இருந்த. வேணும்னு நினைச்சிருந்தா ரோஸெட் மறுபடி வந்து கேட்டிருக்க மாட்டாளா? ஒன்பது வருஷம் ஆச்சு. உங்க ஊரு மாநாட்டுல யாரோ எதையோ சொன்னாங்கன்னு நீ ஏன் இப்ப இதைக் கிளர்ற?

முன்னறையில மாட்டியிருக்கேன். இடது பக்கம் ஜன்னல், நம்ம வீட்ல இருந்த மாதிரியே. காலையில பத்து மணிக்கு வெளிச்சம் ஆகார் கழுத்துல விழறப்ப ஒரு நிமிஷம் ஹார்லெம்ல இருக்கேன். இங்க ஜன்னலுக்குத் திரை போடல நான். எல்லாரும் சிரிக்கிறாங்க. பாக்குறதுக்கு வெளியில ஒரு ஆளும் கிடையாது, சோளக்காடுதான்.

உன் தங்கை
அலீடா


ஹார்லெம்
12 மார்ச் 1954

அன்புள்ள அலீடாவுக்கு,

தேன் வாங்கவில்லை. ஹார்மின் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல். இங்கே குரோக்கஸ் பூக்கள் தலைகாட்டிவிட்டன.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு நீ எழுத வேண்டியதில்லை. அந்தப் படத்தை உனக்கு முன்னால் பார்த்தவன் நான். நமக்கும் டாக்டர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். புதன்கிழமை தோறும் அங்கே போய் ரோஸெட்டோடு பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று வாசிப்பேன். நான் கடன் கொடுத்த புத்தகத்தை வாசித்து முடித்ததும் அவள் சுவரில் இரண்டு முறை தட்டுவாள். அதற்கு அர்த்தம், அடுத்ததைக் கொண்டு வா. நீ அதை எலி என்று நினைத்து அம்மாவிடம் சொன்னாய்.

ஆபிரகாமின் வீட்டிலிருந்து துரத்தப்படும் வேலைக்காரி ஆகாரை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். கிழவர், கிழவி, கழுதை, நாய் எல்லாம் இருக்கும். கிலிஸ் ஃபான் வூர்டன் மட்டும் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டான். ஒரு காபித் தட்டு அளவு ஓக் பலகை, அதில் பாதி மூடிய கதவு, ஒரு பெண். தோலால் ஆன தண்ணீர்ப் பை தோளை அழுத்துகிறது. திரும்பிக் கதவைப் பார்க்கிறாள். பிள்ளை தெரியவில்லை, பாவாடையைப் பிடித்திருக்கும் நான்கு விரல் மட்டும். படத்தில் ஓவியனின் கையெழுத்து எங்கும் கிடையாது. ஒரு நாள் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு எதுக்குப்பா? அந்தக் கழுத்தைப் பாரு. வேற யாரு போட்டிருக்க முடியும்?"

அன்று ரோஸெட் வந்தபோது அம்மா ஒரு கோப்பை காபி கொடுத்தாள். ஒரு பிஸ்கட் கொடுத்தாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். நீ பக்கத்தில் நின்றாய். படம் இருந்த இடத்தில் அப்பாவின் காற்றழுத்தமானியை அவசரமாக மாட்டியிருந்தீர்கள். அதைச் சுற்றிச் சுவர்த்தாள் புதிதாகத் தெரிந்தது. ரோஸெட் அதைப் பார்த்தாள். காபி முழுவதையும் குடித்தாள். பொய் சொன்னவர்கள் நீங்கள். எழுதிக்கொண்டிருப்பவன் நான். இதுவும் நியாயம்தானா?

மே மாதத்துக்குள் அனுப்பு.

ரூலோஃப் ஹாஸெவிங்கல்


ஒன்டாரியோ
2 மே 1954

அன்புள்ள அண்ணா,

பதில் போட இத்தனை நாள் ஆனதுக்குக் காரணம் சொல்லப் போறதில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். ஹார்ம் இப்ப சரியா நடக்குறார். உனக்கு இருமல் போச்சான்னு எழுது.

பனி உருகி எங்க பாத்தாலும் சேறு. முப்பது கோழி வாங்கியிருக்கோம். சின்னவளுக்கு ரெண்டு பல்லு விழுந்திருக்கு. போதகர் வந்தார், படத்தைப் பாத்துட்டு இது ரூத்தான்னு கேட்டார். இல்ல, ஆகார்னேன். "பாவம், அவங்களும் குடியேறினவங்கதான்"னார். எனக்குச் சிரிப்பா வந்துச்சு, அப்புறம் வரல.

உனக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தணும். நாற்பத்தஞ்சு ஜனவரியில டயர் இல்லாத சைக்கிள்ல, வெறும் இரும்பு வளையத்து மேல, பனியில சாப்பாடு தேடி வடக்க போனது யாரு? நாலு தடவை. ஆம்பளைங்க வெளியில தலைகாட்டினா பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நீ மாடியில படுத்துக்கிட்டு லத்தீன் படிச்ச. அதைக் குத்தமா சொல்லல. என் கல்யாணத்துக்குச் சேர்த்த படுக்கை விரிப்பு பன்னிரண்டும் போச்சு. அம்மாவோட தங்கச் சிலுவை போச்சு. அப்பா கடிகாரம் போச்சு. ஒரு விவசாயி பொண்டாட்டி வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டா, "படம் கிடம் ஏதாவது இருக்காம்மா? தைலவண்ணப் படத்துக்கு ரெண்டு மூட்டை தர்றேன்." வீட்ல துலிப் கிழங்கு வேகவச்சுத் தின்னுட்டிருந்தோம். இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன். நம்மளது இல்லையே, எப்படிக் கொடுக்கறதுன்னு. அம்மாவும் சரின்னாங்க.

பசிச்சப்ப நாம திருடல அண்ணா. வயிறு ரொம்பினப்புறம்தான். இதை நெனச்சாதான் எனக்குக் கை ஓடமாட்டேங்குது.

இன்னொண்ணு. பொய்யைச் சொன்னது யாருன்னு நல்லா யோசிச்சுப் பாரு.

உன் தங்கை
அலீடா


ஹார்லெம்
11 மே 1954

அன்புள்ள அலீடாவுக்கு,

இருமல் போய்விட்டது. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

நீ பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்பது வருஷத்துக்குப் பிறகு விசாரணை நடத்துவதில் பயன் இல்லை. நான் கேட்பது படம்.

அவள் ஏன் மறுபடி கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் அவளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், நாற்பத்தாறிலும் நாற்பத்தேழிலும். படத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. உறையின் பின்பக்கம் என் பெயரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, "அனுப்பியவருக்கே" என்று எழுதியிருந்தாள். அவளுடைய எழுத்து, சந்தேகமே இல்லை. விவசாயியிடம் போனதாகச் சொன்ன ஒரு படத்துக்காக ஒரு பெண் இத்தனை கோபம் வைத்திருப்பாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும்தான் எதையாவது கொடுத்துத் தின்றார்கள். அவளுக்கு அது தெரியாதா?

ஐந்து மாதம் இருக்கிறது. உன் கோழிகள் சுகமாக இருக்கட்டும்.

ரூலோஃப் ஹாஸெவிங்கல்


ஒன்டாரியோ
6 ஜூன் 1954

அன்புள்ள அண்ணா,

நாங்க எல்லாரும் சுகம். நீ உக்காந்துகிட்டு இதைப் படி.

விடுதலை வந்த மறு நாளே அம்மா ஜன்னல்ல ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பூராவும் கிழிச்சாங்க, ஞாபகமிருக்கா? அஞ்சு வருஷம் இருட்டுல இருந்தது போதும்னு கண்ணாடியைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தொடச்சாங்க. திரையை ரெண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டினாங்க. நம்ம தெருவுல யாரு திரை போட்டாங்க? மறைக்க ஒண்ணும் இல்லாத வீடுன்னு காட்டத்தானே எல்லாரும் திறந்து வச்சிருந்தோம். படம் அலமாரிக்கு மேல, விளக்குக்கு நேர் எதிர்ல இருந்துச்சு.

ரோஸெட் ஊருக்கு வந்தது நம்ம வாசல்ல வந்து நின்ன அந்தப் புதன்கிழமை இல்ல. செவ்வாய்க்கிழமையே வந்துட்டா. சாயங்காலம் அவங்க வீட்டைப் பாக்கப் போனா, அங்க வேற யாரோ குடியிருந்தாங்க. திரும்பி வர்றப்ப நம்ம ஜன்னலைத் தாண்டித்தான் போகணும். நாம சாப்பிட்டுட்டிருந்தோம். ஆகார் சுவர்ல இருந்தா. நம்மளைத் தொந்தரவு பண்ண வேணாம், காலையில வரலாம்னு போயிட்டா.

அதே சாயங்காலம் மீன்காரர் அம்மாகிட்ட சொல்லியிருக்கார், டாக்டர் பொண்ணு உயிரோட வந்திருக்குன்னு. அம்மா ராத்திரியே படத்தைக் கழட்டிட்டாங்க. "மூணு வருஷம் தூசு தட்டினது நான்"னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தாங்க.

அந்தச் சனிக்கிழமை மீன் கடையில அவளைப் பாத்தேன். அவளே கிட்ட வந்தா. சத்தம் போடல. "அலீடா, நான் செவ்வாய்க்கிழமையே உங்க வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போனேன்"னா. அந்தச் சாயங்காலம் நடந்ததை நிதானமாச் சொன்னா. அப்புறம், "உங்க அம்மா சொல்லியிருந்தா கூடத் தாங்கிட்டிருப்பேன்"னா.

அவ வீட்டுக்கு வந்த அன்னிக்கு அம்மா வாயே திறக்கல அண்ணா. சமையலறையில நம்ம மூணு பேரும் பேசினது, அவ வந்ததும் "தேடிப் பாக்குறோம்"னு சொல்லிச் சமாளிக்கலாம்னுதான். கதவைத் திறந்தது நீ. அவ வாசல்படியில நிக்குறப்பவே, உள்ள கூடக் கூப்பிடறதுக்கு முன்னாடி, நீதான் சொன்ன: "அது உருளைக்கிழங்குக்குப் போயிடுச்சு ரோஸெட்." எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் வடக்க போய் எதைக் கொடுக்கலையோ, அதைக் கொடுத்ததா நீ சொன்ன.

ஒன்பது வருஷமா இதைச் சொல்லாம இருந்தேன், உன்னால தாங்க முடியாதுன்னு. நீ எழுதுற கடுதாசியைப் பாத்தா, சொல்லாததுதான் தப்புன்னு தோணுது.

அலீடா


ஹார்லெம்
15 ஜூன் 1954

அலீடா,

நான் கதவைத் திறந்தபோது தோட்டத்து வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். உயரமாக, தொப்பி போட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. அவளுடைய கோட்டு அவன் கைமேல் கிடந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்து, இதோ வருகிறேன் என்பதுபோலத் தலையசைத்தாள். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

மூன்று வருஷம் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்டவன் நான். அந்தப் பக்கம் அவள் இல்லை என்று தெரிந்தும்.

அவ்வளவுதான். சுகமாக இருங்கள்.

ரூலோஃப் ஹாஸெவிங்கல்


ஒன்டாரியோ
18 ஜூலை 1954

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சௌக்கியம். வெயில் கொளுத்துது. நீ சரியாச் சாப்பிடறியா?

உன் கடுதாசியை நாலஞ்சு தடவை படிச்சேன். ஹார்ம்கிட்ட காட்டல. படிச்சிட்டுத் தோட்டத்துல போய் உக்காந்துட்டேன். எவ்வளவு பெரிய படிப்பு படிச்ச நீ. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அந்த ஆளை மீன் கடையிலயும் பாத்தேன். அவ பையைத் தூக்கிட்டு நின்னார். ஃப்ரீஸ்லாந்துல தன் மாட்டுத் தொழுவத்துப் பரண்ல மூணு வருஷம் அவளை ஒளிச்சு வச்சவர். வீட்ல பொண்டாட்டியும் ஆறு பிள்ளைங்களும் இருக்காங்கன்னு அவரே சொன்னார். பரண்ல நிமிந்து நிக்க முடியாம இருந்து இருந்து அவளுக்குக் கால்ல பலமே இல்லாம போயிடுச்சு. ரயில்ல தனியா அனுப்ப மனசு வராம கூடவே வந்திருக்கார், ஸ்டேஷன்லேருந்து சைக்கிள் பின்னாடி உக்கார வச்சுத் தள்ளிட்டு வந்திருக்கார். அவ யாரையும் கட்டிக்கல அண்ணா. இது எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா நீ அவகிட்ட ஓடியிருப்ப, படம் எங்ககிட்ட இருக்கறது வெளிய வந்திருக்கும். என் பங்கு தப்பு இது.

படத்தை அனுப்பிட்டேன். ஊஸ்டிங்னு ஒரு குடும்பம், ரெண்டு வருஷம் இருந்துட்டு இந்த ஊரு தாங்காம திரும்பி வர்றாங்க. அந்தம்மா தினம் அழுதுட்டே இருப்பா. தன் பெட்டியில துணிக்கு நடுவுல வச்சிருக்கா, ஹார்லெம்ல உன் வீட்லயே வந்து கொடுப்பா. டாக்டர் சுத்திக் கொடுத்த அதே மேசைத் துணியிலதான் சுத்தியிருக்கேன், ஓரத்துல அவங்க வீட்டம்மா பேரோட முதலெழுத்து பின்னியிருக்குமே, அது. விரிப்பெல்லாம் கொடுத்தேன், அந்தத் துணியை மட்டும் எந்த விவசாயிக்கும் கொடுக்கல.

சுவர்ல ஆணி மட்டும் இருக்கு. காலையில பத்து மணிக்கு வெளிச்சம் வந்து வெறும் சுவர்ல விழுது. இருக்கட்டும்.

உன் தங்கை
அலீடா


ஒன்டாரியோ
29 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அண்ணா,

இங்க சுகம். ஊஸ்டிங் அம்மா எழுதியிருந்தா, படத்தை உன் கையில கொடுத்துட்டேன், உங்க அண்ணன் என்னை உக்காரக்கூடச் சொல்லலன்னு. ரோஸெட் கைக்குப் போச்சா? ஒரு வரி போடு.

அலீடா


ஒன்டாரியோ
26 செப்டம்பர் 1954

அண்ணா,

சுகமா இருக்கியா? மூணு மாசமா உன் கையெழுத்தைப் பாக்கல. உன் முழுப்பேரைப் பாக்க ஏங்குற நாளும் வரும்னு நான் நெனச்சதில்ல.

எனக்கு ஒண்ணுதான் பயம். என் சுவர்லேருந்து இறங்கி அவ உன் சுவர்ல ஏறிட்டாளோன்னு. அப்படி இருந்தா சொல்லிடு. உன்னைத் திட்ட மாட்டேன். அவளை இறக்க எனக்கும் இங்க ரெண்டு வருஷம் ஆச்சே.

அலீடா


குரோனிங்கன், ரயில் நிலையக் காத்திருப்பு அறை
16 அக்டோபர் 1954

அன்புள்ள ரோஸெட்,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று இன்று என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் விசாரிக்கவில்லை. முடி நரைத்திருக்கிறது. உங்களுக்கு அது நன்றாக இருக்கிறது.

நீங்கள் என்றே எழுதுகிறேன். நீ என்று கூப்பிடச் சொன்னது நாற்பத்தொன்றில், ஒரு புதன்கிழமை. அந்த உரிமையை நானே ஒரு வாசல்படியில் கொட்டிவிட்டேன்.

உங்கள் அப்பாவின் ஆகார் உருளைக்கிழங்குக்குப் போகவில்லை. இது உங்களுக்கு அன்றே தெரியும் என்று எனக்கு இந்த ஜூனில்தான் தெரிந்தது. அந்தக் காபியை எப்படிக் குடித்து முடித்தீர்கள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். என் தங்கை பசியிலும் அந்தப் படத்தை விற்க மறுத்தாள். பிறகு அதைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனாள். இப்போது தானாகவே திருப்பி அனுப்பிவிட்டாள். அவள்மேல் உங்களுக்கு ஏதாவது மனக்கசப்பு இருந்தால் தயவுசெய்து குறைத்துக்கொள்ளுங்கள். பொய் என்னுடையது. அம்மா பயந்துபோய் மறைத்தாள். நான் உங்கள் பின்னால் நின்ற மனிதரைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மூன்று வருஷம் உங்களைக் காப்பாற்றியவரை நான் ஒன்பது வருஷம் வெறுத்தேன். இதைவிட அசிங்கமான ஒன்றை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. பள்ளியில் என்னைத் தாண்டிப் பதவிக்குப் போனவர்களைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் மணிக்கணக்கில் பேசுவேன். இதைப் பற்றி இந்த ஜூன் வரை ஒருவரிடமும் பேசியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படம் ஆகஸ்ட் நடுவில் என் வீட்டுக்கு வந்தது. மறுநாளே உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு மாதம் வைத்துக்கொண்டேன். பள்ளி முடிந்து வந்து விளக்கை ஏற்றி அதன் எதிரில் உட்காருவேன். அம்மாவைப் போல நானும் தூசு தட்டினேன். திரை போட்டேன். எங்கள் தெருவில் திரை போட்ட ஒரே வீடு என்னுடையது, எதிர்வீட்டுக்காரி எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எனக்கு வேண்டியிருந்தது படம் இல்லை என்று உங்களுக்குப் புரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சைக்கிள் வியாபாரி குடியிருக்கிறார். அவர் ஒருபோதும் தட்டுவதில்லை.

இன்று மதிய ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கையிலேயே கொடுப்பது என்றுதான் வந்தேன். உங்கள் தெருவுக்கு வந்தபோது மணி நாலரை. மழை மூட்டத்தில் விளக்கு எரிந்தது. உங்கள் ஜன்னலிலும் திரை இல்லை. சாமான்கள் கட்டி அடுக்கியிருந்தன, சுவரில் ஒன்றுமே இல்லை. மாணவர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். கடைசி நோட்டை மூடிவிட்டு, மேசையில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினீர்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. பார்த்தேன்.

நீங்கள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மணியை அடிக்கக் கை போகவில்லை. அடித்திருந்தால் நீங்கள் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்திருப்பீர்கள், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். வாசல்படியில் நான் சொல்லும் எதையும் நம்பக் கூடாது.

படம் உங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் புத்தகக் கட்டுநரிடம் இருக்கிறது, உங்கள் பெயரில். உங்கள் அம்மாவின் மேசைத் துணியில் சுற்றியிருக்கிறது. அவர் எதுவும் கேட்க மாட்டார், நீங்களும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் ஈரம் படாமல் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். அங்கே போனதும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி மாட்டுங்கள். உங்கள் அப்பா அப்படித்தான் மாட்டியிருந்தார்.

ஹார்லெம் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. என் தங்கை கேலி செய்வாள், நான் யாருக்கு எழுதினாலும் முழுப்பெயரைப் போடுகிறேன் என்று. இங்கேயும் போடுவதற்காகப் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். என் பெயர் இருந்த இரண்டு கடிதங்களை நீங்கள் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள், அது சரிதான். இது திரும்பி வரக் கூடாது. வந்தால் ஆகார் ஒரு அந்நியர் கடை அலமாரியில் கிடப்பாள், நீங்கள் கப்பல் ஏறிவிடுவீர்கள். அதனால் உறையின் மேல் முகவரியைப் புத்தகக் கட்டுநரின் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் பதில் எழுத நினைத்தாலும் எங்கே அனுப்புவது என்று இதில் இருக்காது. நினைக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் அதை எழுதிப் பார்த்தேன்.

தபால் பெட்டி நடைமேடை முனையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே இதை அதில் சேர்க்கப் போகிறேன்.